துட்டி வீட்டில் கேட்கும் முதல் கேள்வி

வாசகர் கேள்வி – பதில்

சென்ற இதழில், பாலிசியிலும் வங்கிக் கணக்கிலும் நாமினியாக யார் பெயர் இருக்கிறது என்று வருஷத்துக்கு ஒரு தடவை எடுத்துப் பாருங்கள் என்று நாலு வரி எழுதியிருந்தேன். பணத்தைப் பற்றிக் கேள்விகள் வரும் என்று நினைத்தேன். வந்தவற்றில் பெரும்பாலானவை சாவைப் பற்றி. அதிலும் பெற்றவர்கள் பிள்ளைகளைப் பற்றியும், பிள்ளைகள் பெற்றவர்களைப் பற்றியும் எழுதியவை. திருநெல்வேலிச் சீமையில் ஊர் ஊராக அலைந்து ஆயுள் காப்பீடு பிடித்து ஓய்வு பெற்றவன் நான். சாவைப் பற்றிப் பேசித்தான் வீட்டில் உலை கொதித்தது. என்னிடம் கேட்பதில் தப்பில்லை. இந்த இதழ் முழுக்க அந்தக் கடிதங்களுக்கே.

*கேள்வி: என் மகனுக்கு 24 வயது. போன மாதம் அவன் பெரியப்பா இறந்துவிட்டார். துட்டி வீட்டில் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை, போனையே பார்த்துக்கொண்டு நின்றான். வீட்டுக்கு வந்து, "நான் செத்தா கண்ணு, கிட்னி எல்லாத்தையும் குடுத்துருங்கம்மா, பதினாறு பன்னெண்டுன்னு செலவு பண்ணாதீங்க" என்று சிரித்துக்கொண்டே சொல்கிறான். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு மனசு இறுகிப்போய்விட்டதா? (வாசகி, அம்பாசமுத்திரம்)*

பதில்: முதலில் அந்தப் போனை விசாரியுங்கள் அம்மா. ஐஸ் பெட்டிக்குச் சொன்னது யார்? பந்தலுக்கும் சேருக்கும் ஆள் பிடித்தது யார்? சென்னையிலிருந்து காரில் கிளம்பிய சொந்தக்காரர்களுக்கு லொகேஷன் அனுப்பியது யார்? பூக்காரருக்கு ஜிபேயில் பணம் போட்டது யார்? இப்போது துட்டி வீட்டில் பெரியவர்கள் சேரில் உட்கார்ந்திருக்கிறார்கள், வேலை முழுக்க இளவட்டங்களின் போனில் நடக்கிறது. உங்கள் மகன் கிரிக்கெட் ஸ்கோர் பார்த்திருக்கவும் கூடும். அதையும் மறுக்க மாட்டேன்.

நம் வயசுக்காரர்கள் அங்கே என்ன செய்கிறோம் என்பதையும் கொஞ்சம் கவனிக்க வேண்டும். தெருமுனையில் வண்டியை நிறுத்தும்போதே "என்ன வயசு?" என்று கேட்டுவிடுகிறோம். 56 என்று பதில் வந்ததும் மனசுக்குள் ஒரு கழித்தல் கணக்கு ஓடுகிறது. அப்புறம் "எப்படி?" அட்டாக் என்றால், "சுகர் உண்டோ?", "சிகரெட் பிடிப்பாரோ?", "ராத்திரி லேட்டாச் சாப்பிடுவாரோ?" நம்மிடம் இல்லாத ஏதாவது ஒரு பழக்கம் செத்தவருக்கு இருந்திருக்க வேண்டுமே என்று தேடுகிறோம். இருந்துவிட்டால் ஒரு நிம்மதி. இல்லையென்றால் மறுநாள் காலையில் வெறும் வயிற்றோடு லேப் வாசலில் நிற்கிறோம். மாலை போடுவது, கோடி போடுவது எல்லாம் இதற்கு அப்புறம்தான்.

உங்கள் மகன் அந்தக் கேள்வியைக் கேட்டிருக்க மாட்டான். 24 வயதுக்காரனுக்கு 56-ம் 86-ம் ஒன்றுதான், இரண்டும் வயசானவர்கள். சாவு என்பது அவனுக்கு இன்னும் மற்றவர்கள் வீட்டு விஷயமாகவே இருக்கிறது. அதனால்தான் வாய் விட்டுப் பேச முடிகிறது. நமக்கு அது பக்கத்தில் வந்துவிட்டது. அதனால் வாயைத் திறக்க மாட்டோம், ராத்திரி மட்டும் நினைப்போம். இதில் யார் மனசு இறுகியது என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

அவன் சிரித்துக்கொண்டு சொன்னதைக் கிண்டல் என்று தள்ளிவிடாதீர்கள். இறந்து 6 மணி நேரத்துக்குள் கண்ணை எடுத்துவிட வேண்டும். மூளைச்சாவில் மற்ற உறுப்புகளைக் கொடுப்பதற்கு 1994-லேயே சட்டம் வந்துவிட்டது. ஆனால் ஒருவர் உறுப்பு தான அட்டையே எழுதி வைத்திருந்தாலும், வீட்டார் சம்மதம் இல்லாமல் நடைமுறையில் எடுப்பதில்லை. ஆக, சொல்ல வேண்டிய ஆளிடம்தான் சொல்லியிருக்கிறான். தமிழ்நாட்டில் 2023 செப்டம்பரிலிருந்து உறுப்பு தானம் செய்தவர்களை அரசு மரியாதையோடு அடக்கம் செய்கிறார்கள். அடுத்த தடவை அவன் பேச்சை எடுத்தால் "வாயைக் கழுவு" என்று விரட்டாமல், "சரிப்பா, எனக்கும் அப்படியே செஞ்சிரு" என்று சொல்லிப் பாருங்கள். சிரிப்பை நிறுத்திவிட்டு உங்களைப் பார்ப்பான்.

*கேள்வி: அப்பாவுக்கு 49 வயது. அவருடைய நண்பர் மாரடைப்பில் போன பிறகு, ஞாயிற்றுக்கிழமை ஆனால் போதும், என்னைக் கூப்பிட்டு "பத்திரம் இங்க இருக்கு, ஆர்.டி. பாஸ்புக் இங்க இருக்கு, ஏ.டி.எம். பின் நம்பரைக் குறிச்சுக்கோ" என்கிறார். எனக்குப் பயமாக இருக்கிறது. எழுந்து போய்விடுகிறேன். அவர் ஏன் இப்படி ஆகிவிட்டார்? (கல்லூரி மாணவர், பாளையங்கோட்டை)*

பதில்: எழுந்து போகாதீர்கள் தம்பி. உங்கள் அப்பா அரிதான ஆள். இந்த வயசில் பாதிப் பேர் பத்திரம் இருக்கும் பீரோவின் சாவியைக்கூட யாரிடமும் காட்டுவதில்லை.

பெர்னிஸ் நியூகார்ட்டன் என்று சிகாகோ பல்கலைக்கழகத்தில் ஒரு பேராசிரியை இருந்தார். நடுவயதுக்காரர்களிடம் விரிவாகப் பேசிப் பார்த்து, 1960-களில் அவர் ஒன்றைக் கவனித்து எழுதினார். பிறந்து எத்தனை வருஷம் ஆயிற்று என்று எண்ணிக்கொண்டிருந்தவர்கள், ஒரு கட்டத்தில் இன்னும் எத்தனை வருஷம் இருக்கிறது என்று எண்ணத் தொடங்கிவிடுகிறார்கள். அப்பாவின் பேச்சில் அந்தக் கணக்கு எப்படி வருகிறது என்று காது கொடுத்துப் பாருங்கள். ரிட்டயர் ஆக இத்தனை வருஷம், வீட்டுக் கடன் முடிய இத்தனை வருஷம், உன் படிப்பு முடிய, தங்கச்சி படிப்பு முடிய இத்தனை வருஷம். எல்லாம் முன்னால் இருக்கிற வருஷங்கள். கல்யாணமான புதிதில் அவரிடம் பாலிசி பேசப் போயிருந்தால், "இப்ப என்ன சார் அவசரம்" என்று என்னைத் திருப்பி அனுப்பியிருப்பார். அவர் வயசுக்காரர்கள் பலரும் அப்போது அப்படித்தான் அனுப்பினார்கள். நானும் அடுத்த மாதம் மறுபடி போய் நிற்பேன்.

அவருடைய பயம் சாவைப் பற்றியதா என்று கேட்டால், அதில் கொஞ்சம் இருக்கும். பெரும்பங்கு, பாதி வேலையில் விட்டுவிட்டுப் போய்விடுவோமோ என்பதுதான். நண்பர் போன பிறகு அந்த வீட்டில் என்னென்ன காகிதம் தேடினார்கள், எந்தக் கடன்காரர் வந்து நின்றார் என்பதை அவர் கிட்ட இருந்து பார்த்திருப்பார். அது உங்களுக்குத் தெரியாது.

நீங்கள் செய்ய வேண்டியது: ஒரு நாப்பது பக்க நோட்டை எடுத்துக்கொண்டு பக்கத்தில் உட்காருங்கள். எந்த வங்கி, எந்தக் கிளை, பாலிசி நம்பர், யாருக்குக் கொடுக்க வேண்டியது, யாரிடம் வர வேண்டியது. ஒவ்வொன்றுக்கும் நாமினி யார் என்று கேளுங்கள். நாமினி இல்லாவிட்டால் தாலுகா ஆபீஸில் வாரிசுச் சான்றிதழுக்கு மனுப் போடுவதில் ஆரம்பித்து நிறைய அலைய வேண்டியிருக்கும். பின் நம்பர் மட்டும் வேண்டாம். ஒருவர் இறந்த பிறகு அவர் கார்டைப் போட்டுப் பணம் எடுப்பது பிற்பாடு அண்ணன் தம்பிக்குள் வழக்காகி நிற்கும். அம்மா பெயரைச் சேர்த்து ஜாயின்ட் கணக்காக ஆக்கிவிடச் சொல்லுங்கள், வேலை முடிந்தது.

எல்லாம் எழுதி முடித்த பிறகு அவர் இந்தப் பேச்சைக் குறைத்துவிடுவார். நான் பார்த்தவரை அப்படித்தான்.

*கேள்வி: பாலிசி எடுத்தால் ஆயுசு குறையும் என்று மாமியார் சொல்கிறார். உண்மையா? (வாசகி, சங்கரன்கோவில்)*

பதில்: உண்மையாக இருந்தால் நான் வீடு கட்டியிருக்க முடியாதே! நான் போட்டுக்கொடுத்த ஆட்கள் பாலிசி முதிர்ந்து பணம் வாங்கி, அதில் எனக்கு ஒரு வேட்டி எடுத்துக்கொடுத்தும் இருக்கிறார்கள்.

*கேள்வி: எனக்கு 29 வயது, சென்னையில் ஐ.டி. வேலை, தனி அறை. ராத்திரி இரண்டு மணிக்கு முழிப்பு வந்து, ஒரு நாள் நான் இல்லாமலே போய்விடுவேன் என்ற நினைப்பில் நெஞ்சு படபடக்கிறது. ஊரில் 55 வயது அம்மாவோ "வர்றப்ப வரட்டும்" என்று குறட்டை விட்டுத் தூங்குகிறாள். வயசான அவளுக்கு இல்லாத பயம் எனக்கு ஏன்? (பெயர் வேண்டாம் என்ற வாசகி)*

பதில்: வயசு ஏற ஏறத்தான் இந்தப் பயம் கூடும் என்று எல்லோரும் நினைக்கிறோம். ஆளைப் பிடித்துக் கேட்டுப் பார்த்தவர்களுக்கு வேறு மாதிரி பதில் கிடைத்திருக்கிறது. 2007-ல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், சாவைப் பற்றிய பதற்றம் இருபதுகளில்தான் உச்சத்தில் இருந்தது. ஆண்களுக்கும் அப்படியே, பெண்களுக்கும் அப்படியே. அதற்குப் பிறகு படிப்படியாக இறங்குகிறது. ஆனால் பெண்களுக்கு மட்டும் ஐம்பதைத் தாண்டியதும் இன்னொரு தடவை ஏறி இறங்குகிறது. அது அந்த ஊர்க் கணக்கு. இருந்தாலும் நான் நுழைந்த வீடுகளை வைத்துப் பார்த்தால் நம்பலாம் போலத்தான் இருக்கிறது.

காரணம் என்று எனக்குப் படுவது இது. உங்கள் வயசில் வாழ்க்கை என்று எண்ணி வைத்திருக்கும் எல்லாமே இன்னும் கைக்கு வராதவை. வீடு, கல்யாணம், பிள்ளை, பார்க்காத ஊர்கள். போனால் மொத்தமும் போச்சு. அம்மா கொஞ்சம் வாழ்ந்து முடித்துவிட்டார். இன்னொன்று, அம்மா சாவுகளைக் கிட்ட இருந்து பார்த்தவர். மாமனாருக்குக் கடைசி நாளில் வாயில் பால் ஊற்றியிருப்பார், மாமியாரைக் குளிப்பாட்டிப் புதுச் சேலை சுற்றியிருப்பார். கையால் தொட்ட ஒன்றைப் பற்றி ராத்திரி இரண்டு மணிக்குக் கற்பனை செய்ய அதிகம் மிச்சமில்லை. நீங்கள் பார்த்ததெல்லாம் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் கறுப்பு வெள்ளைப் படம், கீழே "ஆழ்ந்த இரங்கல்". அடுத்த தடவை ஊரில் ஒரு பெரிய காரியம் என்றால் லீவு போட்டுப் போய் முழு நாளும் இருங்கள்.

அப்புறம், அம்மா குறட்டை விடுகிறார் என்பதை எதை வைத்துச் சொல்கிறீர்கள்? நீங்கள் சென்னையில் இருக்கிறீர்கள். "நீ ஒரு இடத்துல செட்டில் ஆயிட்டா நான் நிம்மதியாக் கண்ணை மூடுவேன்" என்று போனில் வாரம் ஒரு தடவையாவது சொல்வார் அல்லவா? அது கல்யாணப் பேச்சு என்று நீங்கள் எரிந்து விழுந்திருப்பீர்கள். அவருடைய ராத்திரி இரண்டு மணி அதற்குள்தான் இருக்கிறது. ஒரு நாள் நேராகவே கேளுங்கள்: "அம்மா, உனக்குப் பயமே இல்லையா?"

இந்தப் படபடப்பு வாரக்கணக்கில் நீடித்துத் தூக்கத்தைக் கெடுத்தால் டாக்டரைப் பார்த்துவிடுங்கள். பயம் மாறி, செத்துவிடலாம் என்ற எண்ணமே வந்தால் ஒரு நாளும் தள்ளிப்போடக் கூடாது. டெலி மானஸ் என்று மத்திய அரசின் இலவச எண் 14416, ராத்திரியிலும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம். தமிழ்நாட்டில் 104-ம் இருக்கிறது.

*கேள்வி: ஹெல்மெட் போடாவிட்டால் செத்துப்போவாய் என்று தலைதலையாய் அடித்துக்கொள்கிறேன். 21 வயது மகன் கேட்க மாட்டேன் என்கிறான். (வாசகர், கோவில்பட்டி)*

பதில்: அந்த வசனத்தை மாற்றுங்கள். இஸ்ரேலில் இளம் படைவீரர்களை வைத்து ஒரு சோதனை செய்து 1999-ல் வெளியிட்டார்கள். வண்டி ஓட்டுவதில் கெட்டிக்காரன் என்ற பெருமை உள்ள பையன்களிடம் சாவை நினைவுபடுத்தியபோது, அவர்கள் முன்னைவிட முரட்டுத்தனமாக ஓட்டினார்கள். பயமுறுத்தினால் அந்த வயசு மார்பை நிமிர்த்தும்.

2022-ல் இந்தியச் சாலைகளில் செத்தவர்கள் 1,68,491 பேர். அதில் மூன்றில் இரண்டு பங்கு 18-க்கும் 45-க்கும் இடைப்பட்டவர்கள். இதை அவனிடம் சொல்லாதீர்கள், அந்தக் கணக்கில் தான் இல்லை என்றுதான் நினைப்பான். முன்பல் இரண்டு போய்விடும், தாடையில் கம்பி வைத்து ஒன்றரை மாதம் கஞ்சிதான் குடிக்க வேண்டும், புல்லட்டை விற்றுத்தான் ஆஸ்பத்திரிக்குக் கட்டுவேன் என்று சொல்லுங்கள். பல்லுக்கு இருக்கும் மரியாதை உயிருக்குக் கிடையாது. கழுத்துப் பட்டை மாட்டாத ஹெல்மெட் பறந்துவிடும், அதையும் பாருங்கள். நீங்கள் போடுகிறீர்களா? கடிதத்தில் அதைக் காணோம்.

*கேள்வி: கொரோனாவுக்குப் பிறகு இளைஞர்கள் மாறியிருக்கிறார்களா? உங்கள் தொழிலில் ஏதாவது தெரிந்ததா? (வாசகர், தூத்துக்குடி)*

பதில்: தெரிந்தது. அதுவரை 25, 26 வயசுப் பையன் என்னைத் தேடி வந்தால் அது மார்ச் மாதமாக இருக்கும், வருமான வரியில் 80சி-க்கு ஒரு ரசீது வேண்டும் என்று வந்திருப்பான். 2021 மே மாதத்துக்குப் பிறகு வந்தவர்கள் வேறு மாதிரி. அந்த மாதத்தில் அவர்கள் வயசு ஆட்கள் பார்த்ததை நாங்கள் அந்த வயசில் பார்த்ததில்லை. பொதிந்து கட்டிய உடம்பு, முகம் பார்க்க விடவில்லை, நாலு பேர் சேரவில்லை, நீர்மாலை இல்லை, சில வீடுகளில் பதினாறே இல்லை. பெரியவர்கள் வெளியே வரக்கூடாது என்று தடுத்து, ஆம்புலன்ஸ் பின்னால் பைக்கில் போய் மின்தகன மேடை வாசலில் டோக்கனோடு நின்றது இந்தப் பையன்கள்தான்.

அந்த வருஷக் கடைசியில் ஒரு வீட்டுக்குப் போயிருந்தேன். பையனுக்கு 27 வயது. டேர்ம் பாலிசி வேண்டும் என்று அவனே கூப்பிட்டிருந்தான். நான் பையைத் திறப்பதற்குள் போனில் நாலு கம்பெனி பிரீமியத்தை வரிசையாகக் காட்டினான். இதில் நான் சாகாவிட்டால் காசு திரும்பி வராது, அதுதானே என்றான். ஆமாம் என்றேன். அப்புறம் நிதானமாகக் கேட்டான்: "நான் செத்துட்டா அம்மாவுக்கு எத்தனை நாள்ல பணம் வரும் அங்கிள்? அதுக்கு அவங்க எங்க போகணும்?"

பக்கத்து நாற்காலியில் இருந்த அவன் அப்பா எழுந்தார். "மோட்டார் போடணும்" என்று சொல்லிவிட்டுப் பின்பக்கம் போனார். மோட்டார் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தது, சத்தம் முன்னறை வரைக்கும் கேட்டது. அம்மாதான் வந்து உட்கார்ந்து, எங்கே போக வேண்டும், என்ன காகிதம் வேண்டும் என்று கேட்டுக்கொண்டார்.

எல்லாம் முடிந்து, அப்பாவின் பழைய பாலிசியையும் ஒரு தடவை பார்த்துவிடலாம் என்று எடுக்கச் சொன்னேன். கல்யாணத்துக்கு முன்னால் எடுத்தது. நாமினி இடத்தில் அவருடைய அம்மா பெயர். அந்த அம்மாள் காலமாகிப் பல வருஷம் ஆகியிருந்தது, சுவரில் மாலை போட்ட படம் தொங்கியது. மாற்றுவதற்கு ஒரு விண்ணப்பம், ஒரு கையெழுத்து, அவ்வளவுதான். "அடுத்த வாரம் பார்த்துக்கலாமே சார்" என்றார் அப்பா. பையன் பேனாவை எடுத்து நீட்டினான். என் அனுபவத்தில் நாமினி மாற்றாத ஆட்களில் பெரும்பாலானவர்கள் 45-க்கு மேற்பட்ட ஆண்கள். படித்தவர், படிக்காதவர் என்ற வித்தியாசம் கிடையாது.

*கேள்வி: எல்லோருக்கும் சொல்கிறீர்களே, அறுபதைத் தாண்டிய உங்களுக்குச் சாவுப் பயம் உண்டா? (வாசகர், நாகர்கோவில்)*

பதில்: உண்டு. ஆனால் சரக்கு மாறிவிட்டது. முப்பதில் பைக்கில் போகும்போது லாரி பயம். நாற்பத்தைந்தில், மகள் கல்யாணத்துக்கு முன்னால் ஏதாவது ஆகிவிடுமோ என்ற பயம். இப்போது கிடையில் விழுந்துவிடக் கூடாது, அவ்வளவுதான். காலையில் தினத்தந்தி வந்ததும் காலமானார் பகுதியில் வயசை மட்டும் பார்க்கிறேன், பெயரை அப்புறம்தான் பார்க்கிறேன்.

இனி பிழைக்க வழியில்லை என்றால் குழாய்களைப் போட்டு இழுக்க வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதி வைக்க, 2018 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அனுமதி கொடுத்தது. முதலில் நடைமுறை ரொம்பச் சிக்கலாக இருந்தது. 2023 ஜனவரியில் எளிதாக்கிவிட்டார்கள், இரண்டு சாட்சிகள் முன்னால் கையெழுத்துப் போட்டு, நோட்டரியிடமோ கெஜட்டட் அதிகாரியிடமோ சான்று வாங்கினால் போதும். நான் எழுதிவிட்டேன். மகளிடம் நகலைக் கொடுத்தபோது படிக்காமல் மடித்து வைத்தாள். அவளுக்கு இப்போது நாற்பது நெருங்குகிறது, அந்த வயசுக்கு வந்துவிட்டாள். பேரன்தான் பிரித்து வாசித்துவிட்டு, வென்டிலேட்டர் என்றால் என்ன என்று கேட்டான்.

*கேள்வி: 47 வயது. உயில் எழுதலாம் என்றால் மனைவி அழுகிறாள், அபசகுனம் என்கிறாள். கல்லூரியில் படிக்கும் மகளோ "எழுதிருங்கப்பா, நல்லதுதானே" என்கிறாள். யார் பேச்சைக் கேட்பது? (வாசகர், மதுரை)*

பதில்: மகள் பேச்சைக் கேளுங்கள், மனைவியோடு உட்கார்ந்து எழுதுங்கள். மகளுக்கு அது ஒரு காகிதம். மனைவிக்கு, நீங்கள் இல்லாத வீட்டை ஒரு நிமிஷம் கண்ணால் பார்க்கிற மாதிரி. அழத்தான் செய்வார். "பூவும் பொட்டுமாப் போயிரணும்" என்று வேண்டிக்கொள்ளும் பெண்ணிடம் போய், நான் முதலில் போய்விட்டால் என்று பேச்சைத் தொடங்கினால் எப்படி? அவர் பெயரிலும் ஒரு உயில் எழுதச் சொல்லுங்கள். நகையில் எது எந்தப் பிள்ளைக்கு என்று பேச்சு போனதும் அழுகை நின்று யோசனை வந்துவிடும்.

வெள்ளைத்தாளில் எழுதினாலே செல்லும், முத்திரைத்தாள் தேவையில்லை. பதிவு செய்வது கட்டாயமில்லை, செய்தால் பிற்பாடு தகராறு குறையும். நீங்கள் கையெழுத்துப் போடுவதை இரண்டு பேர் பார்த்துச் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும். உயில்படி சொத்து கிடைக்கப் போகிறவரைச் சாட்சியாகப் போடாதீர்கள். பக்கத்து வீட்டுக்காரர், ஆபீஸ் நண்பர் யாராக இருந்தாலும் சரி, உங்களைவிடப் பத்து வயசாவது சின்னவர்களாகப் பிடியுங்கள். கோர்ட்டில் கூப்பிட்டால் வந்து சொல்ல அவர்கள் இருக்க வேண்டும்.